‘சரி வரும்’ என்று சொல்லாதவர்

கழுதைக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து, காதை இரண்டு தரம் உதறிவிட்டு, உப்பளப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. உடைந்தது என்னுடைய வேனின் ஷெல்தான்.

வாகனத்தின் முகத்தில் கம்பெனிச் சின்னத்தோடு வரும் கிறிலை எங்கள் பக்கத்தில் ஷெல் என்போம். யுத்தம் முடிந்து சில வருடங்களில், கண்டக்குழிக் கரையில் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கி விளையாட வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களை விமான நிலையத்திலிருந்து ஏற்றி வருவதற்காக, ஜப்பானில் ஓடி முடிந்த ஒரு வேனை நான் வாங்கியிருந்தேன். அந்த வேனில் கம்பெனியே பூட்டிய கெமராக்கள் நாலு. ஷெல்லின் நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு பக்கக் கண்ணாடிகளின் கீழும் ஒவ்வொன்று. சின்னத்துக்குப் பின்னால், முன்னே ஏதாவது குறுக்கிட்டால் தானாகவே பிரேக் பிடிக்கிற கருவி வேறு. அன்று அதுவும் பிரேக் பிடித்தது, நானும் பிடித்தேன். இரண்டு பேருமே பிந்திவிட்டோம்.

ஷெல் மூன்று துண்டு. கெமரா மட்டும் வயரில் தொங்கியபடி தப்பியிருந்தது. அந்தக் கோலத்திலேயே ஓட்டிக்கொண்டு, மாம்புரிக்கு இந்தப் பக்கம், வாகனங்களுக்கு ஷெல் விற்றுப் பூட்டிக் கொடுக்கிற ஒருவருடைய கடைக்குப் போனேன்.

நான் வாய் ஓயாத ஆள், பொறுமையும் கிடையாது. அவருக்கு நேரெதிர். அவர் வாயிலிருந்து ‘சரி வரும்’ என்ற ஒரு சொல்லை வாங்க மூன்று கிழமை அலைந்தேன். அது வெறும் ஷெல்லுக்காக. அதே சொல்லுக்காக, அந்தக் கடையோடு ஒட்டியிருந்த வீட்டுக்குள் அவருடைய மனைவி அதைவிட நீண்ட நாள் காத்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு வயிற்றில் ஒரு கட்டி. சுகமாகுமா என்று கணவரிடம் கேட்பார். இவர் ‘பாப்பம்’, அதாவது பார்ப்போம், என்பார். விஷயம் இவ்வளவுதான். நான் இங்கே எழுதுகிற மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

ஊரில் அவருக்குப் ‘பாப்பம் நானா’ என்று பெயர். நானா என்றால் அண்ணன். முன்னால் உள்ள சொல்லை அவரே சம்பாதித்துக்கொண்டார். மழை வருமா என்று கேட்டால் பாப்பம். பஸ் போய்விட்டதா என்று கேட்டால், போய்விட்டது என்று தெரிந்த நாலு பேர் பக்கத்தில் நின்றாலும், எழுந்து வெளியே வந்து வீதியின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். சிலாபத்திலிருந்து வரும் சிங்கள ட்ரைவர்கள் ஒரு பொருளைக் கையில் எடுத்து, பொருந்துமா என்று ‘ஹரியனவாத?’ என்பார்கள். அவர்களுக்கும் அதே பதிலைச் சிங்களத்தில் சொல்வார்: ‘பலமு.’

கல்யாண வீட்டில் ஒரே சஹன் தட்டில் அவரோடு சாப்பிட உட்காருகிறவர்கள், சோறு எப்படி நானா என்று வேண்டுமென்றே கேட்பார்கள். அவர் பதில் சொல்ல மாட்டார். கடைசிப் பிடி வரை சாப்பிட்டு, கை கழுவி, வாசலில் செருப்பைத் தேடும்போது, ‘நல்லா இருந்திச்சு’ என்பார். கேட்டவர் அதற்குள் வீட்டுக்கே போயிருப்பார்.

என் ஒன்றுவிட்ட தங்கைக்கு மாப்பிள்ளை பேசியபோது, பையன் சிலாபத்தில் மீன் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவன், அந்தப் பக்கம் உங்களுக்குப் பழக்கம், ஆள் எப்படி என்று அவளுடைய தகப்பன், எங்கள் சாச்சா, அவரிடம் விசாரித்தார். இவர் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார். பிறகு இன்னொரு நாள் போனார். மூன்றாம் தரம் போய் வந்து, ‘பிழை சொல்ல ஒண்டும் காணல்ல, இன்னும் ஒருக்காப் போய்ப் பாக்கணும்’ என்று சொல்ல சாச்சாவைத் தேடி வந்தார். அன்றைக்கு நிக்காஹ் முடிந்து பந்தல் கழற்றிக்கொண்டிருந்தோம்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லலாம். ஆனால் அவர்மேல் ஊர் கோபப்பட்டதும் உண்டு. ஒரு நோன்பு மாதக் கடைசியில், அந்திக்கு மஃரிப் தொழுதுவிட்டுப் பள்ளி முற்றத்தில் எல்லோரும் பிறை பார்த்து நின்றோம். மேற்கில் மேகம். யாரோ ‘அந்தா!’ என்றார்கள். ஒருவர் கண்டால் பிறகு எல்லோரும் காண்பது வழக்கம். நானும் கண்டேன் என்றேன். உண்மையைச் சொன்னால் நான் கண்டது எனக்கு முன்னால் நின்றவரின் விரலைத்தான். மறுநாள் பெருநாள் என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடத் தொடங்கிய நேரம், இவர் மெதுவாகச் சொன்னார்: “நான் காணல்ல.”

“உங்களுக்கு மட்டும் என்ன, கண்ணுல பூ விழுந்திரிச்சா?” என்று ஒருவர் பாய்ந்தார்.

“நான் காணல்ல எண்டுதான் சொன்னன். பிறை இல்ல எண்டு சொல்லல்ல.”

அந்தப் பேச்சு வளர்ந்து, அகதியாக வந்து எங்கள் ஊரில் இருந்துகொண்டு எங்களுக்கே பிறை காட்டுகிறாயா என்ற அளவுக்குப் போனது. அவர் 1990இல் மன்னாரிலிருந்து வந்தவர். நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கல்பிட்டிப் பக்கம். அந்த வார்த்தை விழுந்ததும் அவர் வீட்டுக்குப் போய்விட்டார். அன்று நான் வாயை மூடிக்கொண்டு நின்றது எனக்கு இப்போதும் வெட்கம்.

கடை என்று சொல்கிறேனே தவிர, அது வீட்டு முற்றத்தில் இறக்கிய ஒரு தகரக் கொட்டில். உள்ளே இடம் காணாமல் ஷெல்களையெல்லாம் வேலி நெடுக வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அத்தனையும் சேர்ந்து தடதடவென்று ஆடும். வீட்டுக்குள் இருந்து அவருடைய மனைவி, “யாரோ வந்திரிக்கிற மாதிரிக் கேக்குதே, போய்ப் பாருங்க” என்பார். காற்று என்று தெரிந்தே சொல்வார். இவரும் காற்று என்று தெரிந்தே எழுந்து போய்ப் பார்ப்பார். அவருடைய மனைவியை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். எங்களில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

முதல் நாள் நான் போய் நின்றதும் நானா என்னைக் கவனிக்கவே இல்லை. நேரே போய், தொங்கிய கெமராவைக் கையில் தாங்கி, ராத்தாவிடம் ஒரு பழைய துணி வாங்கி அதைச் சுற்றிக் கட்டினார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

என் கையில் ஃபோன் இருந்தது. அதில் நான் ஆசைப்பட்ட ஷெல்லின் படம் இருந்தது. கன்னங்கரேலென்று, தேன்கூடு மாதிரி வலை போட்டு, பார்த்தால் புலி வாயைத் திறந்த மாதிரி இருக்கும். கம்பெனி செய்ததல்ல, வெளியில் செய்து விற்பது. கொழும்பில் ஒரு கடைக்காரன், உங்கள் மாடல் எல்லாவற்றுக்கும் சரி வரும் என்று ஃபோனில் சொல்லியிருந்தான்.

“சரி வரும் எண்டு சொன்னவர் உங்கட வேனப் பாத்தாரா?” என்று அவர் கேட்டார்.

“இல்ல நானா.”

“நீங்க அந்த ஷெல்லப் பாத்தீங்களா?”

“படத்தில பாத்தேன்.”

“அப்ப ரெண்டு பேருமே பாக்கல்ல” என்றார்.

அந்த ஷெல்லை வரவழைத்துப் பூட்டிப் பார்ப்பதென்று முடிவானது. பூட்டினோம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கெமராவுக்கு வலையில் ஓட்டை விட்டிருந்தார்கள், கெமராவும் அதில் உட்கார்ந்தது, திரையில் படமும் வந்தது. இனி என்ன என்று நான் சாவியைக் கேட்டேன். அவர் தரவில்லை. ட்ரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி ராத்தாவைக் கூப்பிட்டார்.

ராத்தா அடுப்படியிலிருந்து முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தார். அப்போதே மெலியத் தொடங்கியிருந்தார். ஆனால் இந்த வேலை அவருக்குப் பிடிக்கும். வாகனத்துக்கு முன்னால் நிற்பார், நடப்பார், குந்துவார், சொல்கிற இடத்தில் எல்லாம் நிற்பார். கெமரா வைத்த வாகனம் வந்தால் ராத்தாதான் முன்னால் நிற்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். அன்று தேங்காய் துருவுகிற திருவலையையே தூக்கிக்கொண்டு வந்து, வேனின் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

நானும் ஜன்னல் வழியாகத் திரையை எட்டிப் பார்த்தேன். வலை கெமராவுக்கு ஒரு விரல் அளவு முன்னால் தள்ளி நின்றதால், படத்தின் அடிப்பக்கம் கறுப்பாக மறைந்திருந்தது. வேலி தெரிந்தது, வீதி தெரிந்தது, எதிரே வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் சுழன்று தெளிப்பது தெரிந்தது. ராத்தா இல்லை.

“இந்தா, நீ இதில இல்ல” என்றார் அவர்.

“இஞ்சதானே இரிக்கிறன்!” என்று ராத்தா வெளியிலிருந்து சிரித்துக்கொண்டு கையை ஆட்டினார். கைகூடத் திரையில் வரவில்லை.

அவர் கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எஞ்ஜினை நிற்பாட்டிவிட்டு இறங்கி, ஷெல்லைக் கழற்றத் தொடங்கினார். எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், புலிவாய் போகிறதே என்ற கவலை ஒரு பக்கம். யார் நானா வேனுக்கு முன்னால் திருவலை போட்டு உட்காருவார்கள் என்று கத்தினேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த கிழமை இன்னொன்று. வெள்ளி மாதிரிப் பளபளக்கிற பட்டைகள் வைத்தது. அதில் வலை இல்லை, ராத்தா திருவலையோடு முழுசாகத் தெரிந்தார். சந்தோஷப்பட்டேன். பின்னேரம் கடல் பக்கம் வெயில் சாயட்டும் என்றார். சாய்ந்தது. வெயில் கீழ்ப் பட்டையில் பட்டுத் தெறித்து, திரை முழுக்க வெளுத்துப்போனது. போதாததற்கு, பளபளப்புப் பூச்சு சின்னத்தின் இடத்திலும் இருந்ததால், பிரேக் பிடிக்கிற கருவி வேலை செய்யவில்லை என்று மஞ்சள் லைட் எரிந்தது. அதையும் கழற்றினார்.

இதற்கு நடுவில் என் மாமி, அதாவது என் மனைவியின் உம்மா, ஒரு பித்தளைத் தகடு கொடுத்து அனுப்பியிருந்தார். ‘மாஷா அல்லாஹ்’ என்று எழுதியது. கழுதை வந்து மோதியதே ஊர்க் கண்ணூறுதான் என்பது அவருடைய தீர்ப்பு. தகட்டை வேனின் நெற்றியில், சின்னத்துக்கு மேலேயே ஒட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதி வாகனங்களில் அப்படித்தான் இருக்கும். நானா தகட்டை இரண்டு கையாலும் வாங்கினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், பிறகு வேனைச் சுற்றிப் போய்ப் பின் கதவில் ஒட்டினார்.

“முன்னுக்கு ஒட்டினா அந்தக் கருவிக்கு ஒண்டும் விளங்காது தம்பி. பின்னுக்கும் அல்லாஹ் பாப்பான்” என்றார். மாமியிடம் நான் பட்ட பாட்டை இங்கே எழுதவில்லை.

இப்படிக் காத்துக்கொண்டு கிடந்த ஒரு நாளில்தான், அவர் வீதிக்குப் போயிருந்த நேரம், ராத்தா தேத்தண்ணியைக் கொண்டுவந்து கதிரையில் வைத்துவிட்டு, “உங்களுக்கு இந்த மனுசன்ல கோவமா தம்பி?” என்று கேட்டார்.

“கோவமில்ல ராத்தா. ஆனா ஒரு மனுசன் வாயால ஒருக்காவாவது சரி எண்டு சொல்லணுமே.”

“ஒருக்காச் சொன்னவர்” என்றார் ராத்தா. நிலத்தில் உட்கார்ந்து, வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு அந்தக் கதையைச் சொன்னார்.

மன்னாரில் அப்போது நானாவுக்கு இருபது வயது. இயக்கத்துக்காரர் முஸ்லிம்களை ஊரை விட்டு எழுப்பப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. இவர் நம்பிக்கையான ஒரு ஆளிடம் போய் விசாரித்தார். உங்களுக்கு ஒன்றும் நடக்காது என்று அந்த ஆள் சொல்லிவிட்டார். இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு, அந்த ஒழுங்கை முழுக்க வீடு வீடாகப் போய் நின்று, ‘ஒண்டும் நடக்காது, நான் விசாரிச்சிட்டன், சாமான் கட்டத் தேவல்ல’ என்று சொன்னார்.

“எங்கட வாப்பா காணி உறுதி, உம்மாட தையல் மெஷின், நெல்லு, எல்லாத்தையும் சாக்குல கட்டி வச்சிருந்தார். இவர் வாசல்ல வந்து நிண்டு சொன்ன கதையில எல்லாத்தையும் அவிழ்த்துட்டார். நான்தான் முடிச்ச அவிழ்த்துக் குடுத்தேன். ரெண்டு நாள்ல எழும்பச் சொல்லிட்டாங்க. உடுத்த உடுப்போட வள்ளத்தில ஏறினோம்.”

கல்பிட்டிக் கரையில் இறங்கி, ஓலைக் கொட்டில்களில் இருந்த காலத்தில், இவர் தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அவர்களுடைய கொட்டில் வாசலில் வைப்பாராம். ராத்தாவின் வாப்பா ஏறிட்டும் பார்க்க மாட்டாராம். ஒரு வருடம் வைத்தார். பிறகுதான் அந்த மனிதர், உள்ளே வா என்று சொன்னார். அதற்கு அடுத்த வருடம் மகளையும் கொடுத்தார்.

“அவர் எனக்கு நிச்சயமாச் சொன்னது அது ஒண்டுதான் தம்பி. அதுக்குப் பொறகு பிள்ள பொறக்க நேரம்கூட, நல்லபடியா முடியும் எண்டு ஒரு சொல் சொல்லல்ல. வாசல்லயே நிண்டார். பொறந்த பொறகு உள்ளுக்கு வந்து, பாத்தன், நல்லாரிக்கி எண்டார்.” ராத்தா சிரித்தார். சிரித்த முகத்தோடேயே, “இப்ப எனக்கு அந்தச் சொல்லு வேணும்போல இரிக்கி” என்றார். “பொய்யா இருந்தாலும் பரவாயில்ல. டொக்டர்மார் சொல்றது எனக்கு விளங்குதில்ல. இவர் வாயால சுகமாகும் எண்டு ஒருக்காக் கேட்டா நிம்மதியாப் படுப்பன்.”

 நான் கேட்டு வாங்கித் தருகிறேன் ராத்தா என்று சொல்லிவிட்டேன். எந்த யோசனையும் இல்லாமல் சொன்னேன். அது என் குணம்.

மூன்றாவதாகக் கிடைத்த ஷெல்லுக்கு ஒரு அழகும் இல்லை. மங்கின சாம்பல் நிறம், பள்ளிக்கூடக் கேற் மாதிரி நாலு கம்பி. ஆனால் கெமராவுக்குக் கம்பெனி ஷெல்லில் இருந்த அதே மாதிரிக் கிண்ணம் இருந்தது, கெமரா அதன் விளிம்போடு சமமாக வந்து நின்றது. சின்னம் வைக்கிற இடம் வெறும் பிளாஸ்டிக். அவர் அதை மத்தியானம் பார்த்தார், வெயில் சாயும்போது பார்த்தார், மஃரிபுக்குப் பிறகு லைட் போட்டுப் பார்த்தார். பிறகு மழையில் பார்க்க வேண்டும் என்றார். கச்சான் காலத்தில் மழைக்கு எங்கே போவது? எதிர்த் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தெளிக்கிற குழாயைக் கேட்டு இழுத்து வந்து, அரை மணி நேரம் வேனின் முகத்தில் அடித்தார். ராத்தா முழு நேரமும் நனையாத தூரத்தில் நின்றார், கூப்பிட்ட நேரம் முன்னால் வந்தார், இரண்டு தரம் மூச்சு வாங்கி உட்கார்ந்தார். மஞ்சள் லைட் எரியவில்லை. படத்தில் அவர் எங்கே உட்கார்ந்தாலும் தெரிந்தார்.

“சரியா நானா?” என்றேன்.

“இண்டைக்கு வேல செய்யிது” என்றார். அவரிடம் அதற்கு மேல் யாரும் வாங்கியதில்லை.

அந்த வேனில்தான் ராத்தாவைச் சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டு வந்தேன். முதலில் மாதம் ஒருமுறை, பிறகு கிழமைக்கு ஒருமுறை. ராத்தா பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்திருப்பார். இவர் பக்கத்தில். முந்தல் தாண்டும்போது ஒவ்வொரு தரமும் ராத்தா கேட்பார்: “இந்த முறை நல்ல ரிப்போட் வருமா?”

“போய்ப் பாப்பம்.”

“மருந்து பிடிக்கும்தானே?”

“பாப்பம்.”

முன் கண்ணாடியில் ராத்தாவின் முகம் எனக்குத் தெரியும். அவர் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரங்களில் பின்னால் திரும்பி அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேட்டேன். வார்டில் படுக்கவைத்து ஒன்பதாம் நாள், மத்தியானம் நோயாளிகளைப் பார்க்க விடுகிற நேரம். அவர் உள்ளே போகாமல் வெளி விறாந்தையில் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தார். கையில் தெம்பிலி இளநீர், வெட்டாமல் அப்படியே இருந்தது. ராத்தா உள்ளே தனியாகக் கிடக்க, இவர் இங்கே உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்குக் கொதித்தது.

“நானா, ஒரு பிளாஸ்டிக் சாமானுக்கு மூணு கிழம பாத்தீங்க. தண்ணி அடிச்சுப் பாத்தீங்க. நான் ஒண்டும் சொல்லல்ல. இது உங்கட பொஞ்சாதி. சுகமாகும் எண்டு ஒரு வார்த்த சொன்னா உங்களுக்கு என்ன கொறஞ்சு போகும்? ராத்தா அதுக்காகக் காத்துக்கொண்டு கிடக்கிறா. பொய்யெண்டாலும் பரவாயில்ல எண்டு என்னட்டச் சொன்னா. அந்தப் பிறை மாதிரி இதையும் நான் காணல்ல எண்டு சொல்லப் போறீங்களா?”

கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது. தெம்பிலியை வாங்கில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். அன்று காலையில்தான் டொக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அவர் பார்த்து முடித்துவிட்டுத்தான் அந்த வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

ராத்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இவர் போய்த் தலைமாட்டில் நின்று, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்டுமில்ல” என்றார். “எல்லாம் சரியாப் போகும். நாளைக்கு ஊட்டுக்குப் போறம்.”

எங்களில் நாளையைப் பற்றிப் பேசுகிற யாரும் இன்ஷா அல்லாஹ் சொல்லாமல் விட மாட்டோம். கடைக்குப் போய் வருகிறேன் என்பதற்குக்கூடச் சொல்வோம். அவர் அதைக்கூடச் சொல்லவில்லை.

ராத்தா மெதுவாகத் திரும்பினார். கணவருடைய முகத்தைப் பார்த்தார். அவ்வளவு நேரம் ஒருவர் ஒருவரை அப்படிப் பார்த்ததை நான் கண்டதில்லை. அந்த முகத்தில் நிம்மதி வரும் என்று நான் காத்திருந்தேன். வந்தது வேறு. கணவர் சொன்ன சொல்லின் பொருள் அந்த வார்டில் ராத்தா ஒருவருக்குத்தான் விளங்கியது. எனக்கு விளங்கியது ராத்தாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான்.

சால்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். கையை நீட்டி அவருடைய கையைப் பிடித்தார்.

“நான் உங்களுக்கு ஏதும் பிழை செஞ்சிருந்தா மன்னிச்சிக்கொள்ளுங்க” என்றார். “உங்களுக்குத் தெரியாம உங்கட சாமான் எதையும் எடுத்திருந்தா ஹலாலாக்கிக்கொள்ளுங்க. மகள்ட்டயும் சொல்லுங்க.”

மௌத்துக்கு முன்னால், சாவு தெரிந்த பிறகு, எங்கள் ஆட்கள் கேட்கிற மன்னிப்பு அது. அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, கட்டில் ஓரத்தில் முகத்தை வைத்து அழுதார். ராத்தா அவருடைய தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கும் ஏதோ சொல்ல வேண்டும்போல ராத்தா பார்த்தார். நான் அந்தப் பார்வைக்கு நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். வந்திருக்கக் கூடாது. மூன்றாம் நாள் ராத்தா மௌத்தாகிவிட்டார். அந்த வேனில்தான் கொண்டு வந்தோம்.

நாற்பதாம் நாள் கழியும் வரை நான் நானாவின் முகத்தில் விழிக்கவில்லை. அதற்குள் ஊரில் ஒரு பேச்சு. நானா மாறிவிட்டார், இப்போதுதான் வியாபாரம் செய்யப் படித்திருக்கிறார், போனால் சுணக்கம் இல்லை, கேட்டதும் எடுத்துத் தருகிறார் என்று. நல்லதுக்குத்தானே என்றார்கள். எனக்கு அதைக் கேட்கவே பயமாக இருந்தது.

போனேன். அவர் கொட்டிலுக்குள் கதிரையில் இருந்தார். சிலாபத்துக் கார் ஒன்று வந்து நின்றது. ட்ரைவர் இறங்கி, வேலியில் தொங்கிய ஷெல் ஒன்றைக் காட்டி, என்னுடையதற்குச் சரி வருமா என்று சிங்களத்தில் கேட்டான். அவர் எழும்பவில்லை. காரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“ஹரியனவா” என்றார். சரி வரும்.

அவன் அதைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டான். காரின் முகத்தை நான் பார்த்தேன். நடுவில் கெமரா இருந்தது. ஓடிப்போய், மாத்தயா, கொஞ்சம் பொறுங்கள், பூட்டிப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள் என்றேன். கடைக்காரரே சரி என்கிறார், உனக்கென்ன என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

திரும்பி வந்து அவருக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தேன்.  நாற்பது நாளாக என்னைத் தின்றுகொண்டிருந்ததைக் கடைசியில் கேட்டுவிட்டேன்.

“நானா, அண்டைக்கு நான் உங்கள வற்புறுத்தாம விட்டிருந்தா, ராத்தா கடைசி வரைக்கும் ஒரு நம்பிக்கையோட இருந்திருப்பா. நான்தான் கெடுத்தேன். ராத்தா என்ன மன்னிச்சிருப்பாவா?”

“ஓம். மன்னிச்சிருப்பா” என்றார்.

உடனே சொன்னார். யோசிக்கவில்லை, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு சுருக்காக அவர் சொன்னதால் என்னால் அதை நம்ப முடியவில்லை. இன்று வரைக்கும் முடியவில்லை.